ஆணியில் தொங்கிய சட்டை

(கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் ஒரு ஞாயிறு மாலை, சபையார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எங்கள் வீட்டில் அம்மாவுக்கு இரண்டு உடுப்புகள் இருந்தன. ஒன்று தகரப் பெட்டிக்குள் இருந்தது. வெள்ளைச் சேலை, நீலக் கரை வைத்தது. பழைய தமிழ் நேசன் தாளில் சுற்றி, நான்கு மூலையிலும் அந்துருண்டை போட்டு வைத்திருப்பார். ஞாயிறு ஆராதனைக்கும் கிறிஸ்துமசுக்கும், சபையில் ஞானஸ்நானம் நடக்கும் நாளுக்கும் மட்டும் அது வெளியே வரும். இன்னொன்று அடுப்படிக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கும். அது அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை. அப்பா அதைப் போட்டு நான் பார்த்ததில்லை. ரப்பர் மரம் சீவப் போகும்போது அம்மாதான் அதைச் சேலைக்கு மேல் போட்டுக்கொள்வார். ஐந்து பட்டன் உள்ள சட்டை. நாலாவது பட்டன் விழுந்துவிட்டதால் அந்த இடத்தில் ஓர் ஊக்கு.

உடுத்திக்கொள்வதைப் பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்தீர்கள். ரோமர், கலாத்தியர், எபேசியர், கொலோசெயர் என்று பவுல் எழுதிய நிருபங்களில் இந்த உடுப்புப் பேச்சு திரும்பத் திரும்ப வரும். சின்ன வயதில் இந்த வசனங்களை வாசிக்கக் கேட்கும்போதெல்லாம் என் மனக்கண்ணில் வந்து நின்றது பெட்டிக்குள் இருந்த வெள்ளைச் சேலைதான். கிறிஸ்துவைத் தரித்துக்கொள்வது என்றால் அழுக்குப் படாமல், மடிப்புக் கலையாமல் இருப்பது என்று நினைத்திருந்தேன். எழுபது வயதை எட்டியிருக்கும் இந்த நாளில், பவுல் சொன்னது ஆணியில் தொங்கிய சட்டையைத்தான் என்று நம்புகிறேன். ஏன் அப்படி நம்புகிறேன் என்பதைச் சொல்லத்தான் கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்திருக்கிறேன்.

காப்பார் சாலைப் பக்கம் எங்கள் தோட்டம். விடியற்காலை நாலு மணிக்கு அம்மா எழுந்துவிடுவார். ஐந்து மணிக்குப் பெரட்டு. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பெரட்டு என்றால் என்னவென்று தெரியும். கொண்டோமினியத்தில் வளர்கிற பேரப்பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: ஆட்களை வரிசையில் நிறுத்தி, பெயர் கூப்பிட்டு, யாருக்கு எந்த நிரை என்று பிரித்துவிடுகிற இடம் அது. ஏன் அவ்வளவு இருட்டில் போக வேண்டும்? இரவெல்லாம் குளிர்ந்து நிற்கிற மரத்தில், பட்டைக்குள் பால் ஓடுகிற குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். அந்த நேரத்தில் சீவினால் பால் நன்றாக இறங்கும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும். மரம் மனிதனுக்காகக் காத்திருக்காது. அதனால்தான் எங்கள் தாய்மார்கள் கொசுவுக்கு முழுக்கைச் சட்டையும் தலைக்குத் துண்டும் கட்டிக்கொண்டு, விளக்கு வெளிச்சத்தில் உடுத்தி, விடிவதற்கு முன்னால் படியிறங்கினார்கள்.

அந்தச் சட்டையின் முன்பக்கமும் கைமடிப்பும் பால் பட்டுப் பட்டுத் தடித்துப் போயிருக்கும். மரத்தில் கட்டிய மங்கில் இருக்கும்போது பால் எவ்வளவு வெள்ளை! துணியில் பட்டுக் காய்ந்துவிட்டால் கறுப்பு. எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. ஒட்டுப்பால் வாடையும் அப்படித்தான், துவைத்தாலும் துணியைவிட்டு விலகாது. பள்ளிவிட்டு வந்து அடுப்படிக்குள் நுழைந்தால் அம்மா வருவதற்கு முன்பே அம்மாவின் வாடை கதவுக்குப் பின்னால் இருக்கும்.

வீட்டுக்குப் போனதும் ரோமர் 13-ஆம் அதிகாரத்தின் கடைசி நான்கு வசனங்களை எடுத்து வாசித்துப் பாருங்கள். அங்கே மணி என்ன என்று கவனியுங்கள். ஆட்கள் இன்னும் படுக்கையில் இருக்கிறார்கள். இரவு கழியப்போகிறது, கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை. எழுந்திருங்கள், நேரமாகிவிட்டது என்று ஒருவர் எழுப்புகிறார். இருட்டில் செய்தவற்றைக் கழற்றிப் போடச் சொல்கிறார், வெளிச்சத்துக்கு உரியதை மாட்டிக்கொள்ளச் சொல்கிறார். அதற்குப் பிறகுதான் கிறிஸ்துவைத் தரித்துக்கொள்ளும் வசனம் வருகிறது. இது ஆராதனைக்கு மணி அடிக்கிற நேரம் இல்லையே! பெரட்டுக்குக் கிளம்புகிற நேரம். எங்கள் தோட்டத்துப் பெண்கள் யாருக்கும் இந்த வசனத்தை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. தினமும் அந்த மணிக்கு அவர்கள் விழித்திருந்தார்கள்.

இதே வசனம்தான் 386-ஆம் ஆண்டு மிலான் நகரத்தில் ஒரு தோட்டத்தில் அகஸ்தீன் என்ற வட ஆப்பிரிக்கரை மடக்கிப் பிடித்தது. பெரிய படிப்பாளி, வாழ்க்கையை மாற்ற மனம் உண்டு, மாற்ற முடியாமல் வருடக்கணக்கில் நாளை நாளை என்று தள்ளிக்கொண்டிருந்தவர். நிருபத்தைத் திறந்தார், கண்ணில் பட்டது இந்தப் பகுதி. அதற்கு மேல் வாசிக்கத் தேவைப்படவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். நாளைக்கு உடுத்திக்கொள்ளலாம் என்று யாராவது சொல்வார்களா? எழுந்தவுடன் உடுத்தியாக வேண்டும். அந்த அவசரம்தான் அவரைப் பிடித்தது என்று நினைக்கிறேன்.

நம்முடைய பழைய மொழிபெயர்ப்பில் இருக்கிற தரித்துக்கொள் என்ற சொல்லின் பக்கத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போக ஆசைப்படுகிறேன். கத்தோலிக்கச் சகோதரர்கள் இன்று வாசிக்கிற விவிலியத்தில் அணிந்துகொள் என்று இருக்கிறது. அதுவும் அழகான சொல்தான், ஆனால் அணி என்றவுடன் நகையும் சேர்ந்து நினைவுக்கு வரும். தரித்தல் வேறு. உடை தரிக்கிறோம். ஓடுகிறவன் ஓர் இடத்தில் தரித்து நிற்கிறான். தாயின் வயிற்றில் கரு தரிக்கிறது. உடுத்துவது, நிலைத்து நிற்பது, உள்ளே வளரவிடுவது, மூன்றும் ஒரே வினைச்சொல்லுக்குள் இருக்கின்றன. கிரேக்கத்தில் பவுல் எழுதிய சொல்லுக்கு இந்தக் கருப்பை கிடையாது. தமிழ் கொடுத்த கூடுதல் அது. வெளியே போட்டுக்கொண்டது மெல்ல மெல்ல உள்ளே உயிர்பிடிக்கிறது என்று இதைவிடச் சுருக்கமாக எந்த மொழியில் சொல்ல முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆதிச் சபையில் ஞானஸ்நானம் பெறுகிறவர்கள் பழைய உடையைக் களைந்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்குவார்கள். கரையேறியதும் வெள்ளை அங்கி போடுவார்கள். ஈஸ்டர் வாரம் முழுவதும் அந்த வெள்ளையோடுதான் நடமாடுவார்கள். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிற்றுக்கு இலத்தீனில் வெள்ளுடை ஞாயிறு என்றே பெயர் நிலைத்தது. வாரம் முடிந்ததும் அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு அவரவர் உழவுக்கும் பட்டறைக்கும் சந்தைக்கும் போனார்கள். அந்தத் திங்கட்கிழமைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அன்றைக்கு அவர்கள் எதை உடுத்தியிருந்தார்கள்?

இந்தத் தெருக்களில் வளர்ந்த லுத்தரன் பிள்ளைகளுக்கு இதற்குப் பதில் கிடைத்திருக்கும். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய லுத்தரன் ஊழியர் சீகன்பால்கு, 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். அந்த மரத்தின் ஒரு கிளைதான் கடல் தாண்டி வந்து இங்கே பிரிக்பீல்ட்ஸில் 1924-இல் சீயோன் ஆலயமாக எழும்பியது. லூத்தர் 1529-இல் எழுதிய பெரிய ஞானோபதேசத்தில் ஞானஸ்நானத்தைப் பற்றிப் பேசும்போது, அதை ஒவ்வொருவரும் அன்றாடம் போட்டுக்கொண்டு திரிகிற உடையாக நினைக்க வேண்டும் என்கிறார். என்றைக்கோ ஒருநாள் போட்டு, புகைப்படம் எடுத்து, பெட்டியில் மடித்து வைக்கிற வெள்ளைச் சட்டையாக அவர் அதைப் பார்க்கவில்லை. நம்முடைய வீடுகளில் ஞானஸ்நானச் சட்டைகள் எவ்வளவு பத்திரமாக இருக்கின்றன! பாசத்தில்தான் வைத்திருக்கிறோம், அதைக் குறை சொல்லவில்லை. ஆனாலும் லூத்தர் கேட்கிறது வேறொன்று.

உடுப்பு நமக்கு உவமை மட்டும் அல்ல. நம்மில் சிலருடைய பாட்டனார் நாகர்கோவில் பக்கத்திலிருந்தும் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் கப்பலேறி வந்தவர்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அன்றைய திருவிதாங்கூரில் நாடார் பெண்களும், தாழ்த்தப்பட்ட மற்றச் சாதிப் பெண்களும் மேல்சாதியார் முன்னிலையில் மார்பை மறைக்கக் கூடாது. மறைத்தால் அபராதம், அடி. 1806-இல் ரிங்கல்தௌபே என்ற ஊழியர் மயிலாடிக்கு வந்தார். பின்னர் நாகர்கோவிலில் மீட், மால்ட் குடும்பத்தார் தங்கி ஊழியம் செய்தார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் ஊர்ப் பெண்களுக்குத் தையலும் லேஸ் பின்னலும் கற்றுக்கொடுத்தார்கள். கிறிஸ்தவர்களான பெண்கள் குப்பாயம் என்ற தைத்த மேற்சட்டையைப் போட்டுக்கொள்ளலாம் என்று ஆங்கிலேய அதிகாரி கர்னல் மன்றோவின் காலத்தில் உத்தரவு பிறந்தது. அந்தப் பெண்கள் சட்டையோடு நிற்கவில்லை. மேல்சாதிப் பெண்களைப் போலத் தோளில் சீலையும் போட்டார்கள். அங்கேதான் தீ பற்றியது. 1829-இல் வந்த அரசு விளம்பரம் சட்டையை அனுமதித்து, தோள்சீலையைத் தடுத்தது. 1858, 1859-இல் கலவரம் உச்சத்துக்குப் போனது. சந்தைக்கு வந்த பெண்களின் மேலாடைகள் கிழித்தெறியப்பட்டன. ஆலயங்களும் பள்ளிகளும் கொளுத்தப்பட்டன. சென்னை கவர்னர் டிரெவெலியன் நெருக்கியதன்பேரில் 1859 ஜூலையில் மகாராஜா ஒரு பிரகடனம் வெளியிட்டார். நாடார் பெண்கள் மார்பை மறைக்கலாம். ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரியில் மட்டும் கூடாது.

அந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். மானத்தை மறைத்துக்கொள்ள அனுமதி கொடுத்தார்கள். சமமாகத் தெரிய அனுமதி கொடுக்கவில்லை. துணியைக் கொடுத்துவிட்டு வித்தியாசத்தை வைத்துக்கொண்டார்கள். கலாத்தியருக்குப் பவுல் எழுதியது இதற்கு நேர் எதிரானது. ஞானஸ்நானம் பெற்றவர்கள் கிறிஸ்துவைத் தரித்திருக்கிறார்கள் என்று சொன்ன வாயால், மூச்சு விடாமல் அடுத்த வசனத்திலேயே, இனி யூதன் கிரேக்கன் இல்லை, அடிமை சுயாதீனன் இல்லை என்று முடிக்கிறார். எல்லோருக்கும் ஒரே உடுப்பு. தைத்த மாதிரியும் ஒன்றே. சந்தையில் சீலையைப் பறிகொடுத்து நின்ற அந்தத் தாய்மார்கள் கலாத்தியர் நிருபத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்கள் என்றே நான் சொல்வேன்.

இதைச் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் போனால் என் மனசாட்சி என்னை விடாது. அந்தத் தாய்மார்களின் கொள்ளுப்பேத்திக்கு நாம் கிள்ளானில் மாப்பிள்ளை பார்க்கிறோம். பையன் நல்லவனா, ஜெபிக்கிறவனா, என்ன வேலை என்று கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி நாலாவதாக ஒன்று கேட்கிறோம். என்ன கேட்கிறோம் என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். பந்தியில் ஒன்றாக உட்கார்ந்து அப்பமும் திராட்சரசமும் வாங்கியவர்கள்தான் அதைக் கேட்கிறோம். என் சொந்தக் குடும்பத்திலும் அது கேட்கப்பட்டது. அன்றைக்கு நான் வாய்மூடி உட்கார்ந்திருந்தேன். அதற்காக இன்றைக்கும் வருத்தப்படுகிறேன்.

ஏன் அந்தக் கேள்வி நம்மை விட்டுப் போகவில்லை? எனக்குக் கிடைத்த பதில் வேத சாஸ்திரத்திலிருந்து கிடைக்கவில்லை, ஒரு தையல் கடையிலிருந்து கிடைத்தது.

பள்ளிப்படிப்பு முடிகிற வயதில் கிள்ளானில் என் தாய்மாமன் கடையில் வேலை பழகினேன். ஜாலான் தெங்கு கிளானாவிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், ஒரு கதவு அகலம் உள்ள கடை. மாமா வெட்டுவார், மிஷினில் அடிப்பார். காஜா எடுப்பது, கொக்கி வைப்பது, எம்மிங் பண்ணுவது, தப்பாக அடித்த தையலைப் பிளேடால் பிரிப்பது இவை என் வேலைகள். தீபாவளிக்கும் கிறிஸ்துமசுக்கும் முன்னால் இரவு இரண்டு மணிவரை விளக்கு எரியும். ஜாக்கெட் தைக்க வருகிற பெண்கள் புதுத் துணியோடு ஓர் அளவு ஜாக்கெட்டையும் கொண்டுவருவார்கள். டேப் வைத்து அளக்கக் கூச்சம், அதனால் பழையது ஒன்றைக் கொடுத்து, இதே அளவில் தைத்துவிடுங்கள் என்பார்கள்.

ஒரு தடவை ஒரு அக்கா நல்ல காஞ்சிபுரம் பட்டுச் சேலையின் ரவிக்கைத் துணியைக் கொடுத்துத் தைத்து வாங்கிப் போனார். இரண்டாம் நாள் கோபத்தோடு வந்தார்.

“என்னண்ணே, இவ்வளவு நல்ல துணி, கையத் தூக்க முடியல. அக்குள்ள பிடிச்சு இழுக்குது.”

மாமா பேசாமல் அலமாரியைத் திறந்து, அவர் மறந்து விட்டுப்போன அளவு ஜாக்கெட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

“இதப் போட்டுக்கிட்டுக் கையத் தூக்க முடியுமாம்மா?”

அந்த அக்கா கொஞ்ச நேரம் யோசித்தார். “அதுலயும் முடியாதுதான்.”

“பழைய அளவுக்குத் தைச்சா, பட்டுலயும் பழைய இறுக்கம்தான் வரும். ஒரு நிமிஷம் நில்லுங்க, நான் ஒழுங்கா அளவெடுத்துக்கிறேன்.”

கொலோசெயர் 3-ஆம் அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு மாமாவின் மேசையில் கிடந்த அந்த ஜாக்கெட் நினைவுக்கு வருகிறது. பழைய மனுஷனைக் களைந்து புதிய மனுஷனைத் தரித்துக்கொள்ளும்படி பவுல் அங்கே சொல்கிறார். நாமும் ஆமென் சொல்லிப் புதுத் துணி எடுக்கிறோம்: புது சபை, புது ஜெபக் குழு, உபவாசம். ஆனால் தைக்கக் கொடுக்கிற அளவு மட்டும் பழையது. அப்பா எப்படிக் கோபப்பட்டார், தாத்தா யார் வீட்டில் தண்ணீர் குடிக்க மாட்டார், நம் ஆட்கள் யார், யார் இல்லை — இதுதான் நம் அளவு ஜாக்கெட். எந்த அளவில் தைக்க வேண்டும் என்பதைப் பவுல் அங்கேயே சொல்லியிருக்கிறார்: படைத்தவருடைய சாயல். அந்த அளவில் தைத்தால் என்ன ஆகும் என்பதும் அடுத்த வசனத்தில் இருக்கிறது. கிரேக்கன், யூதன், அந்நியன், அடிமை என்று கோடு போட்டுப் பிரித்த வித்தியாசம் ஒன்றும் அதில் அடங்காது. அதற்கு அடுத்துத்தான் இரக்கம், தயவு, மனத்தாழ்மை, சாந்தம், பொறுமை என்று ஒவ்வொரு துணியாக எடுத்துக் கொடுக்கிறார். அளவை மாற்றாமல் இந்த ஐந்தை மட்டும் வாங்கிக்கொள்ளப் பார்க்கிறோம். அக்குளில் பிடித்து இழுக்கிறது.

அதே கடையில் ஆறுதலான ஒன்றையும் கற்றேன். அந்த நாளில் ஜனவரியில் பள்ளி திறக்கும். டிசம்பரில் தாய்மார்கள் பெண்பிள்ளைகளுக்கு நீலப் பினபோர் தைக்கக் கூட்டிவருவார்கள். எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: “உள்ள ரெண்டு இஞ்சு விட்டுத் தைங்கண்ணே, வளர்ற பிள்ள.” மாமா மடிப்புக்குள் துணியை விட்டுத்தான் தைப்பார். அடுத்த வருடம் மடிப்பைப் பிரித்துவிட்டால் பிள்ளைக்குச் சரியாக இருக்கும். பழைய மடிப்பின் கோடு மட்டும் கொஞ்சம் வெளுத்துத் தெரியும். தேவன் நமக்குக் கொடுத்திருக்கிற உடுப்பு இன்றைக்குப் பெரிதாகத்தான் இருக்கிறது. பொறுமை என்ற சட்டைக்குள் என் கை இன்னும் விரலளவு உள்ளேயே கிடக்கிறது. வளர்கிற பிள்ளைக்கென்று தைத்தவர் அவர்.

உடுத்துவதற்கு முன் கழற்ற வேண்டும். அதைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. பார்வையற்ற பிச்சைக்காரன் பர்திமேயுவை மட்டும் நினைவுபடுத்திவிட்டுப் போகிறேன். இந்த பிரிக்பீல்ட்ஸில் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. நடைபாதையில் மஞ்சள் வரிக்கட்டைகளைக் கோலால் தடவிக்கொண்டு, நம்மைவிட வேகமாக, தெளிவாக நடக்கிறவர்களைத் தினமும் பார்க்கிறோம். வைத்த பொருளை வைத்த இடத்திலேயே எடுப்பது அவர்கள் வாழ்க்கையில் எவ்வளவு பெரிய காரியம் என்று நண்பர் ஒருவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். பர்திமேயு தன் மேல் வஸ்திரத்தை எறிந்துவிட்டு எழுந்தான் என்று மாற்கு எழுதும்போது, அவனுக்கு இன்னும் பார்வை வரவில்லை. இராத்திரிப் போர்வையும் அதுதான், காசு விழுகிற விரிப்பும் அதுதான். கூட்டத்துக்குள் எறிந்துவிட்டான். கண் திறக்காமல் போயிருந்தால் அதைத் தேடி எடுத்திருக்கவே முடியாது. திரும்பிவந்து எடுத்துக்கொள்ளலாம் என்று மடித்து வைத்துவிட்டுப் போகவில்லை அவன்.

இனி கறையைப் பற்றி. வேலைச் சட்டை என்றால் அழுக்காகத்தானே செய்யும்? தினமும் உடுத்துகிறவனுக்குத்தான் தினமும் துவைக்க வேண்டியிருக்கிறது. பெட்டிக்குள் இருக்கிற சேலைக்குத் துவைப்பு எதற்கு? கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று நம் முன்னோர் சொல்லிவைத்தது வறுமையைப் பற்றி மட்டும் இல்லை.

இன்றைக்குக் கிள்ளான் பள்ளத்தாக்கில் எந்தக் கடைவரிசைக்குப் போனாலும் ஒரு டோபிக் கடை இருக்கிறது. காசைப் போட்டு நாமே துவைத்துக்கொள்வது, இரவு பகல் திறந்திருப்பது. வீட்டு மிஷின் பழுதாகிப்போன ஒரு மழைக்காலத்தில் இரவு பதினொரு மணிக்குக் கிள்ளானில் அப்படியொரு கடைக்குப் போனேன். ஒரு தம்பி மட்டும் கைலியும் பனியனுமாக உட்கார்ந்திருந்தார். அவ்வளவு பெரிய மிஷினுக்குள் ஒரே ஒரு நீலச் சீருடை சுற்றிக்கொண்டிருந்தது. ஏன் தம்பி, மற்றத் துணியையும் சேர்த்துப் போட்டிருக்கலாமே என்றேன்.

“ரெண்டு செட்டுதான் குடுத்திருக்காங்கய்யா. ஒண்ணு கிழிஞ்சிருச்சு. காலையில ஆறு மணிக்கு டூட்டி. இதத்தான் தெனமும் துவைச்சுப் போடுறேன்.”

கண்ணாடிக்குள் அந்தச் சட்டையின் கை மேலே வந்து கண்ணாடியில் அறைந்து கீழே போவதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசி இராத்திரியில் இயேசு மேல் வஸ்திரத்தைக் கழற்றி வைத்து, துண்டை இடுப்பில் கட்டி, சீஷர்களின் காலைக் கழுவினாரே, அது நினைவுக்கு வந்தது. முதலில் மறுத்த பேதுரு, அப்படியானால் தலையையும் கழுவும் என்றான். குளித்தவனுக்குக் காலைக் கழுவினால் போதும் என்று அவனுக்குப் பதில் வந்தது. குளியல் ஒருமுறைதான். காலில் ஒட்டுகிற தெருப்புழுதிக்குத் தினமும் தண்ணீர் வேண்டும். அந்தத் தம்பி தினமும் புதிதாக ஒரு வேலையில் சேரவில்லை. வேலையில் இருப்பதால்தான் துவைக்கிறார்.

அதே பேதுரு முதியவரான பிறகு எழுதிய நிருபத்தில் மனத்தாழ்மையை உடுத்தச் சொல்லும்போது பயன்படுத்துகிற கிரேக்கச் சொல்லுக்குள் முடிச்சு என்ற சொல் ஒளிந்திருக்கிறது. கட்டி முடிச்சுப் போட்டுக்கொள்வது. நம் தாய்மார்கள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகுவதையும், ஆண்கள் வேட்டியை வரிந்து கட்டுவதையும் பார்த்தவர்களுக்கு அது எந்த உடுப்பு என்று தெரியும். தன் காலைத் தொட்ட அந்தத் துண்டு அவர் ஞாபகத்தில் கடைசிவரை இருந்திருக்க வேண்டும்.

வள்ளுவர் நட்புக்கு உவமை தேடும்போது, உடுத்தியது நழுவினால் கை தானாகப் போய்ப் பிடிப்பதைக் காட்டினார். யோசித்துப் பார்த்துவிட்டுப் போகிற கை இல்லை அது. நோவா குடித்து வெறித்து ஆடை விலகிக் கிடந்தபோது ஒரு மகன் பார்த்துவிட்டு வெளியே போய்ச் சொன்னான். மற்ற இருவரும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே நடந்து போய், பார்க்காமல் மூடினார்கள். நம் சபைகளின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒருவர் சறுக்கினால் செய்தி எவ்வளவு சீக்கிரம் காஜாங்கிலிருந்து காப்பார் வரைக்கும் போகிறது! ஜெபித்துக்கொள்ளுங்கள் என்ற சொல்லோடுதான் போகிறது. பின்னாலேயே நடந்து போகத் தெரிந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? கிறிஸ்துவை உடுத்துவது என்பதில் நான் கடைசியாக, மிகத் தாமதமாகப் படித்த பாடம் இதுதான். என்னை மூடியிருக்கிற துணி இன்னொருவரையும் மூடுகிற அளவுக்கு அகலமானது.

அம்மா காலையில் உடுத்துவதைப் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருப்பேன். சட்டையை ஆணியிலிருந்து எடுத்து உதறுவார். ஒவ்வொரு பட்டனாகப் போடும்போது உதடு அசையும். எண்ணுகிறார் என்று நினைத்தேன். பதினொரு வயது இருக்கும், ஒருநாள் கேட்டுவிட்டேன்.

“என்னம்மா சொல்றீங்க?”

“பேரு சொல்றேன்.”

“யாரு பேரு?”

“இன்னைக்கு யார்கிட்ட எனக்குக் கோவம் வருமோ அவங்க பேரு.”

முதல் பட்டனுக்குக் கங்காணி. இரண்டாவதற்கு எடையைக் குறைத்து எழுதுகிற பால்கொட்டகைக் கிராணி. மூன்றாவதற்குப் பக்கத்து நிரைப் பெண்; அவருக்கும் அம்மாவுக்கும் தண்ணீர்க் குழாயடியில் நெடுநாள் சண்டை. ஐந்தாவது, நான் என்று சொல்லிச் சிரித்தார். நாலாவது யாரென்று அம்மா சொல்லவில்லை. ஊக்கு இருக்கும் இடம். நானும் கேட்கவில்லை.

எங்கள் அப்பா கள்ளுக்கடையிலிருந்து வருகிற நேரத்தை நாங்கள் தெரு நாய்களின் குரைப்பை வைத்து அறிந்துகொள்வோம். வருகிற இரவுகளில் என்ன நடக்கும் என்பதை இந்த மேடையில் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காலத்துத் தோட்டத்துப் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். பெரட்டுக் களத்தில் கிராணி கேட்டாலும் பிள்ளையைச் சொல்லச் சொல்வார்கள், அல்லது பக்கத்துப் பெண் சொல்லிக் கொடுப்பாள். அம்மாவும் அப்படித்தான். வீட்டில் அந்தப் பெயரை அவர் உச்சரித்து நாங்கள் கேட்டதே கிடையாது.

ஒரு விடியற்காலை தூக்கம் கலைந்து கிடந்தேன். திண்ணை ஓரத்தில் அப்பா சுருண்டு கிடந்தார், வாடை உள்ளே வரைக்கும் வந்தது. அம்மா சட்டையை உதறிப் போட்டார். ஒன்று, இரண்டு, மூன்று. ஊக்கைத் திறந்து துணியில் குத்தும்போது, மூச்சுக்காற்று போல, அப்பாவின் பெயரைச் சொன்னார். ஊக்கைப் பூட்டினார். ஐந்தாவது பட்டனைப் போட்டார். பிறகு வாளியையும் காண்டாக் கம்பையும் எடுத்துக்கொண்டு, அப்பா விழித்துக்கொள்ளாதபடி கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, இருட்டில் படியிறங்கிப் போனார்.